தேன்மொழி அக்கா தவறாக வாங்கிய பாகங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குமணன்சாவடி டீக்கடையில் அவருக்கும் சேர்த்தே டீ சொல்லியிருந்தோம். தேன்மொழி அக்கா எப்போதும் நமக்கு முன்னால் வந்துவிடுவார். சைக்கிளைத் தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, தாமதமாக வருகிறவர்களைக் கிண்டல் செய்யத் தயாராக நிற்பார். அன்று வரவில்லை. அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். பேசியது அவருடைய கணவர். முந்தின நாள் மாலை தலைவலி என்று படுத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனை உங்களிடம் நீட்டினேன். அவருக்காக வாங்கிய டீ ஆடை படிந்து ஆறிப்போனது. அதை அங்கிருந்து எடுக்க நம்மில் யாருக்கும் மனம் வரவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் உள்ள உங்களுக்கு அக்காவை என்னைவிட அதிக காலமாகத் தெரியும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் சைக்கிள் எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அது எனக்கே போன மாதம்தான் முழுதாகத் தெரிந்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எதிர் மேசையில் அக்கா இருந்தார். சொந்த ஊர் போடி. மலையடிவாரத்தில் வளர்ந்தவர், நல்ல உயரம். நான் பட்டாபிராமின் பழைய ஊர்ப்பகுதியில் பிறந்தவள், ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான்தான். படித்தேனே தவிர, நாலு பேருக்கு முன்னால் எனக்கு இது வேண்டும் என்று சொல்ல எந்த வகுப்பிலும் பழகவில்லை. மதிய உணவுக்கு எங்கே உட்காரலாம் என்று கேட்டால்கூட "எங்கனாலும் பரவால்லக்கா" என்பேன்.

திங்கட்கிழமைகளில் அக்கா முழங்கால் சிராய்ப்போடு வருவார். ஏரிக்கரை மண்பாதையில் எந்தத் திருப்பத்தில் யார் விழுந்தார்கள் என்று உங்களைப் பற்றியெல்லாம் சொல்லிச் சிரிப்பார். குழுவில் அவர் ஒருவர்தான் பெண். ஒருநாள் "நீயும் வாயேன்டி" என்றார். எனக்கு ஆசையாக இருந்தது. "என்னாண்ட அந்த மாதிரி சைக்கிள் இல்லக்கா" என்றேன். "வாங்கித் தரவா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் பட்டென்று வேண்டாம் என்றேன். பிறத்தியார் கொடுப்பதை வாங்கக் கூடாது என்பது எங்கள் அம்மா எங்களுக்கு ஊட்டி வளர்த்த ரோஷம். என் முகத்தைப் பார்த்தவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. எடுக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அவர் தன் பழைய சைக்கிளுக்குப் பதிலாக ஒரு மவுன்டன் பைக்கைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். முழு வண்டியாக வாங்கினால் என்ன என்று கேட்டேன். "ரெடிமேட் சட்டை எனக்குக் கை எட்டாதுடி. நமக்கு எது தோதோ அத நாமதான் தேடணும்" என்றார். ஃபிரேம் ஏற்கெனவே வந்திருந்தது. அதற்கு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒன்றை யாரிடமோ மலிவாக வாங்கிவிட்டு, சேகர் அண்ணன் கடைக்கு என்னையும் அழைத்துப்போனார். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடை நமக்கெல்லாம் இரண்டாம் வீடு. எனக்கு அன்றுதான் முதல் தடவை.

சேகர் அண்ணன் ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல்தண்டு அடியில் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்திருந்தது. அக்காவின் ஃபிரேமில் அதை நுழைக்க வேண்டிய கழுத்துக்குழாயோ மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன்.

"இன்னாக்கா, ஒரே ஃபோர்க்குல ரெண்டு தப்பு. கழுத்துலயும் பூராது, உன் வீலும் இதுல நிக்காது. வீல் பெருசு, இது சின்ன வீல் ஃபோர்க்கு."

"குடுத்தவன் எல்லாத்துக்கும் சேரும்னானே."

"அவன் சொன்னது உன் பர்ஸுக்கு."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்தபின் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா கோபிக்கவில்லை. என்னையும் அந்த ஃபோர்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அழகாத்தான்டா இருக்கு. இதுக்குச் சேருற மாதிரி ஒரு ஃபிரேம் கெடைக்குமா?" என்றார்.

"பட்டன் கெடச்சிதுன்னு சட்டை தெக்கப் போறியா? போக்கா" என்றார் சேகர் அண்ணன்.

சில நாள் கழித்து மதிய இடைவேளையில் அக்கா என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். தொடைகளுக்கு நடுவே தடித்த கோப்பு ஒன்றை உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்தார். வீடியோவில் பார்த்தாராம், சைக்கிள் அளவு எடுப்பது இப்படித்தானாம், சரியாக வருகிறதா என்று சோதிக்க ஆள் வேண்டுமாம். பிறகு கை நீளம். பிறகு தோள் அகலம். "கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ அளக்க மாட்டாங்கக்கா" என்றேன். "கல்யாணத்துல சேரலன்னா அனுசரிச்சுப் போன்னுவாங்க. சைக்கிள் அப்படியில்ல, முதுகு வலிச்சே சொல்லிரும்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் முறைக்கு அவரை நான் அளந்தேன். என் அளவை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அதன்பிறகுதான் அந்தத் தவறுகள் தொடங்கின. அக்கா ஒரு ஃபிரேம் வாங்கினார், அது குட்டி சைஸ். "ஆஃபருன்னு அவசரத்துல அமுக்கிப்புட்டேன்டி, சைஸப் பாக்கல. எங்க வீட்டுக்காரரு வையுறாரு. பால்கனில நிக்க எடமில்ல. உங்க வீட்டுல பழைய மாட்டுக்கொட்டகை சும்மாதான கெடக்கு, கொஞ்ச நாள் வச்சுக்கிறியா?" என்றார். அவருக்கு உதவ ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அடுத்து அந்த ஃபோர்க்கும், அவருடைய வண்டிக்குப் பொருந்தாத சின்னச் சக்கரங்கள் இரண்டும் வந்தன. பிறகு பெடல்களை மாட்டும் கிராங்க். அதன் கைகள் அவருடைய நீளக் கால்களுக்குப் போதாது. ஒவ்வொன்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்காவே பட்டாபிராமுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் கணவரின் வசவைப் புதிதாகச் சொன்னார்.

எங்கள் அம்மா வாசலில் நின்று பார்ப்பார். "இன்னாமா, படிச்ச பொண்ணு, கடைல பாத்து வாங்க மாட்டியா? எங்க ஊட்ட குடோனு ஆக்கிட்ட."

"என்னத்தச் செய்ய அத்தை, கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று அக்கா அப்பாவியாகத் தலையைச் சொறிவார். அம்மாவுக்கு அவர்மீது இரக்கமே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை கொட்டகைக்கு வந்தவர், "சும்மா கெடக்குறதுக்கு மாட்டித்தான் பாப்பமே. எது எதோட சேரும்னு கத்துக்கிறலாம்" என்றார். இருவருமே கற்றுக்குட்டிகள். செயினை ஒருமுறை தலைகீழாகக் கோத்தோம். பிரேக்கை மாட்டியபின் சக்கரம் சுற்றவே மறுத்தது. கோபத்தில் அக்கா அதனோடு சண்டை போட்டார். ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு பார்த்துச் சலித்துப்போய்க் கடைசியில் பெடலைக் கையில் எடுத்தவர், "இதுக்கு மட்டும் இந்த வம்பே இல்லடி. எந்த வண்டின்னு கேக்காது. திருகுனா ஏறிக்கிரும்" என்றார். அவருடைய சொந்த வண்டியில் ஆரஞ்சு நிறப் பெடல்கள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குக் கறுப்பு நிறத்தில் சாதாரணப் பெடல்கள் கிடைத்தன. "எனக்கு" என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது அக்காவின் சைக்கிள்தான். ஓட்டாமல் போட்டால் பேரிங் கெட்டுவிடும், யாராவது தினமும் கொஞ்சம் ஓட்டினால் நல்லது என்று அவர் கவலையோடு சொன்னதால்தான் நான் ஏறினேன்.

ஏறி உட்கார்ந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பள்ளியில் எங்களுக்குக் கொடுத்த சைக்கிள் எல்லோருக்கும் ஒரே உயரம். நான் சீட்டை அடிவரை இறக்கி, எட்டி எட்டி மிதித்தேன். அதுவே பெரிய காரியம், குறை சொல்லத் தோன்றியதில்லை. ஆனால் சைக்கிள் என்றாலே கொஞ்சம் எட்டாமல்தான் இருக்கும் என்று உடம்பு பழகிவிட்டது. இதிலோ பாதம் முழுதாகப் பதிந்தது. கை தானாக ஹேண்டில்பாரில் போய் அமர்ந்தது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவால்லக்கா" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சக்கரங்களோடு வந்த தேய்ந்த டயர்களை மாற்றுவது மட்டும் பாக்கி. அதற்கு மறுபடி சேகர் அண்ணன் கடை. அவர் இரண்டு ஜோடிகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் முரட்டுக் கொண்டைகள், சேற்றைக் கவ்வுவதற்கு. மற்றதில் அவை நடுவே நெருக்கமாகவும் ஓரங்களில் தடித்தும் இருந்தன, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் சேர்த்து.

"நீதான ஓட்டப்போற, நீயே சொல்லு" என்றார் அக்கா.

"எதுனாலும் பரவால்லக்கா."

"பரவால்லன்னு ஒரு சைஸ் இல்லடி. இந்தக் கடை பூரா தேடிப் பாரு, இருந்தா வாங்கித் தாரேன்."

சேகர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். எனக்கு வியர்த்தது. அக்கா குரலைத் தாழ்த்தினார். "டயரப் பாக்காத. ரோட்ட நெனச்சுக்க. எங்கெல்லாம் போகப்போற?"

"தெனம் ஆவடி வழியா ஆபீஸுக்கு" என்றேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களும் சரளைக்கற்களும் கண்முன் வந்தன. அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. சொன்னபின் கை தானாக இரண்டாவது ஜோடியைத் தொட்டது.

"அதான்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். அவருக்குப் பாட வராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வந்தேன். முதல் மேட்டிலேயே விழுந்தேன். அக்கா என்னைத் தூக்குவதற்கு முன் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் இந்தக் குழுவில் ஒருத்தி. அந்தச் சைக்கிளை அக்கா திருப்பிக் கேட்கவே இல்லை. பால்கனியில் இன்னும் இடம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் வீட்டுக்குள் நான் முதன்முதலாகப் போனது அவர் இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கூடத்தில் நிற்க முடியாமல் பால்கனிப் பக்கம் ஒதுங்கினேன். அகலமான பால்கனி. ஓர் ஓரத்தில் அவருடைய சைக்கிள், மறு ஓரத்தில் ஒரு துளசிச் செடி. நடுவில் இன்னும் இரண்டு சைக்கிள்களைத் தாராளமாக நிறுத்தலாம். அழுகைக்கு நடுவிலும் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் பிரேக் பார்க்கச் சேகர் அண்ணன் கடைக்குப் போனபோது, "பாவம் அக்கா, எவ்ளோ ஏமாந்தாங்க இல்லண்ணா?" என்று பேச்சை எடுத்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யாரு, அக்காவா? ஃபோர்க்குல மட்டும் நெஜமா ஏமாந்துச்சு. மத்ததெல்லாம் என்னாண்ட கேட்டுக் கேட்டு வாங்குனது. தப்பா வாங்குன சாமான் ஒண்ணோட ஒண்ணு இவ்ளோ கரெக்டா சேருமா? நீயே சொல்லுமா. சட்டை யாருக்குன்னு தெரிஞ்சிக்கினுதான் தெச்சிது. உன்னாண்ட சொல்லிட்டா நீ தூக்கி எறிஞ்சிடுவேன்னு சத்தியம் வாங்கிச்சு. இப்போ யாருக்குப் பயப்படறது."

நான் சைக்கிளைப் பார்த்தபடி நின்றேன். ஃபோர்க்குக்கு ஏற்ற ஃபிரேம், ஃபிரேமுக்கு ஏற்ற சக்கரம், என் காலுக்கு ஏற்ற கிராங்க். நானே என் கையால் மாட்டியவை. அவற்றில் ஒன்றுகூட மற்றொன்றோடு சண்டை போடவில்லை என்பதை நான் கவனித்திருக்கலாம். எனக்குக் கொடுப்பதற்காகத் தன்னை ஏமாளியாக்கிக்கொண்டு, எங்கள் அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, என் ரோஷத்துக்கு ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொண்டார் அக்கா. எனக்கு வெட்கமாக இல்லை. நன்றி சொல்ல முடியவில்லையே என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்டியா பண்ணுச்சு அது?" என்று கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சென்ற வாரம் அக்காவின் கணவர் அழைத்திருந்தார். அக்காவின் சைக்கிளைப் போடியிலிருக்கும் அவருடைய தம்பிக்குக் கொடுக்கப்போகிறாராம், அவரும் அதே உயரம். "அவளோடது ஏதாவது ஒண்ணு உனக்கு வேணும்னா கேளும்மா. எதுனாலும்" என்றார். எதுனாலும் என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கமான பதில் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"அந்த ஆரஞ்சுப் பெடல் ரெண்டும் வேணும் அண்ணா" என்றேன்.

அவர் வீட்டுக்குப் போனபோது அவரே கழற்ற உட்கார்ந்தார். இடப்பக்கத்து மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கிக் கழற்றினேன். அக்காவின் ஷூ பட்டுப் பட்டு ஓரங்களில் சாயம் போயிருந்தது. எடுத்துவந்து, எங்கள் கொட்டகையில் வைத்து என் சைக்கிளில் மாட்டினேன். அக்கா சொன்னபடியே அது எந்த வண்டி என்று கேட்கவில்லை. திருகியதும் ஏறிக்கொண்டது.