சாமித்தட்டுக்கு மேலே ஒரு தெர்மோஸ்டாட்

லண்டனில், எட்மண்டன் பக்கம் ஒரு வீட்டில் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தொலைபேசிக்கே என் மனைவி பரமேஸ் எடுத்துவிட்டாள். “இஞ்சேருங்கோ, அன்ரன் தம்பி மோசம் போயிட்டார். ஆஸ்பத்திரியில ஒரே சனமாம். நேர்ஸ்மார் நாலு நாலு பேராத்தான் உள்ளுக்கு விடுகினமாம்.” இந்த மலரைப் படிக்கிற, அன்ரனைத் தெரிந்த உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. நான் செத்தால் இவ்வளவு சனம் வருமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. எண்பதுகளின் நடுவில் வெம்பிளியில் ஒரு சின்னக் கொன்ட்ராக்டரிடம் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். என்னிடம் கொழும்பில் படித்து வாங்கிய டிப்ளோமா இருந்தது. அன்ரனிடம் மன்னாரில் மோட்டார் திருத்திய கைப்பழக்கம் மட்டுந்தான். காஸ் இல்லாத வீடுகளில் சுவரின் அடியோடு நீளமாக மின்சார ஹீட்டர்களைப் பூட்டி, அவற்றைச் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது எங்கள் வேலை. அறை சூடானதும் அது ‘டிக்’ என்று ஹீட்டரை நிறுத்தும். குளிர்ந்ததும் திரும்பப் போட்டுவிடும்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில் இருவரும் சேர்ந்துதான் பூட்டினோம். அடுத்த வருடம் அவர் ஒஃபிசுக்குப் போன் எடுத்து, “அந்தச் சிரிக்கிற மனுசனை அனுப்புங்கள், மற்றவர் வேண்டாம்” என்று சொன்னாராம். மற்றவர் நான்தான். முழு வயரிங்கும் செய்தவன் நான். பிஸ்கட் தின்றவர் அன்ரன்!

அன்ரன் எந்த வீட்டுக்குப் போனாலும் சாமான் பெட்டியைத் திறக்கமாட்டார். முதலில் ஒரு தேத்தண்ணி. அதைக் குடித்தபடி அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். நான் அதைச் சோம்பல் என்றே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். “வீட்டுச் சனம் எங்கை இருக்குது, எங்கை நடக்குது எண்டு பாக்காமல் பூட்டி என்ன பிரியோசனம் அண்ணை? நாங்கள் சுவருக்கே சூடு போடுறம்?” என்பார். பெரிய கண்டுபிடிப்பு என்று மனசுக்குள் நெளிப்புக் காட்டுவேன்.

பிறகு நான் ஒரு ஃபிளாட் வாங்கினேன். அங்கேயும் காஸ் இல்லை. நானே ஹீட்டர் பூட்டினேன். உள்சுவரில், கதவோரமாக, நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே தெர்மோஸ்டாட். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. ஆனால் அந்த மாரி முழுக்கப் பொழுதுபட்டால் வீடு குளிர்ந்துவிடும். படுக்கப் போகும் நேரத்தில்தான் ஹீட்டர் திரும்ப வேலை செய்யும். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அதே கூத்துத்தான். பரமேஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். “பேசாமல் அன்ரன் தம்பியைக் கூப்பிடுவமே?” என்று கேட்டாள். “அவன் இந்த வீட்டில கை வைச்சானெண்டா நான் வேலையை விட்டிட்டு நிப்பன்” என்று கத்தினேன். டிப்ளோமாக்காரன் தன் வீட்டையே சூடாக்கத் தெரியாதவன் என்ற கதை வெம்பிளி முழுக்கப் பரவிவிடும் என்ற பயந்தான்.

அவளோ தைப்பொங்கலுக்கு அவரை வரச் சொல்லிவிட்டாள். பின்னேரம் வந்தார். ஜக்கெற்றைக் கழற்றாமலே இருந்து தேத்தண்ணி குடித்தார். ஹீட்டரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். கோப்பையை வைக்கக் குசினிக்குப் போய்ப் பரமேசோடு ஏதோ கதைத்துவிட்டுப் போனார். அப்பாடா, கவனிக்கவில்லை என்று எனக்கு நிம்மதி.

அந்தச் சனிக்கிழமை பரமேஸ், கதவோரம் இருந்த சாமித்தட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். புறுபுறுத்தபடி கழற்றி மாட்டினேன். சுவர் வெறுமையானதால், கையோடு கையாக மூன்றாவது தெர்மோஸ்டாட்டையும் பூட்டினேன். அன்றிரவிலிருந்து வீடு கணகணவென்றிருந்தது.

திங்கட்கிழமை வேலையிடத்தில் என்னைப் பிடிக்க ஏலாது. “சாமான் நல்லதா வாங்கோணும் தம்பி. எல்லாம் அதிலதான் இருக்குது” என்று அன்ரனுக்கே வகுப்பெடுத்தேன். அவர் சிகரெட் பெட்டியைக் கிழித்து, “பேரைச் சொல்லுங்கோ அண்ணை, எழுதி வைக்கிறன்” என்று பக்குவமாக எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, விளக்கேற்றும்போது பரமேஸ் அழுதாள். “சேர்ச்சுக்குப் போற வேதக்கார மனுசன், எங்கட சாமியில எவ்வளவு மரியாதை! ‘அக்கா, கதவோரம் ஆக்கள் போய்வாற இடம், சாமிக்கு அது சரியில்லை, அங்கால் சுவருக்கு மாத்துங்கோ, நான் சொன்னதெண்டு அண்ணைக்குச் சொல்லாதேங்கோ’ எண்டவர்.”

எரிகிற விளக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், பழைய தட்டு இருந்த உயரத்தில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே பிடித்தேன். கொஞ்ச நேரந்தான். ‘டிக்’ என்றது. ஹீட்டர் நின்றது. டிவிக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் பூட்டாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்! பின்னேரம் தொடங்கிப் படுக்கும்வரை எரிகிற சாமி விளக்கு எனக்குச் சூடாகவே தோன்றவில்லை. அது சாமி விளக்கு, அவ்வளவுதான். அன்ரன் ஒரு தேத்தண்ணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, என் கையாலேயே திருத்தவும் வைத்துவிட்டார்.

அவருக்கு இருந்த சனத்தைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து, கைவாசியைப் பார்த்து இவ்வளவு காலமும் பொறாமைப்பட்டேன். இப்போது அதெல்லாம் போய்விட்டது. அவர் வீட்டில் நான் இப்படி ஒரு பிழையைக் கண்டிருந்தால், மறுநாள் பத்து மணித் தேத்தண்ணிக்கு முதல் வேலையிடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய்தான் எனக்கு வேண்டும். அது எனக்கு வராது என்று தெரிந்தும் பொறாமையாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அவருடைய மனைவி கேட்டபோது, “அவர் உங்களைத்தான் நல்ல வேலைகாரன் எண்டு சொல்லுறவர்” என்றார். அந்த மூன்றாவது தெர்மோஸ்டாட் இன்னும் என் சுவரில் இருக்கிறது. அதன் கீழே பழைய தட்டின் இரண்டு ஆணித்துளைகளும் இருக்கின்றன. பரமேஸ் பூசச் சொல்கிறாள். பூசமாட்டேன்.

நீங்கள் கடைசிவரை சொல்லாததை நானே ஊரறியச் சொல்லிவிட்டேன், அன்ரன் தம்பி. இதிலாவது உங்களை முந்திக்கொண்டேன்.