மட்டன் ரோல்ஸ் காணாமல் போன வெள்ளிக்கிழமை

அஜின்கோர்ட்டில் இருக்கும் அன்ரியின் பலகாரக் கடைக்கு அந்த வெள்ளிக்கிழமை மடிக்கணினியோடும் ஒரு வெறும் பையோடும் போனேன். ஆர்டர் எடுப்பதற்காக நான் பொருத்திக் கொடுத்த டேப்லெட்டைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிக் காலையிலேயே தொலைபேசியில் கத்தியிருந்தார். மிசிசாகா அலுவலகம் ஆட்குறைப்பில் என்னை வெளியே அனுப்பிய பிறகு சொந்தமாக மென்பொருள் எழுதத் தொடங்கியிருந்தேன். எனக்கிருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவரும் போனால் நானும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

குற்றச்சாட்டு என்னவோ உண்மைதான். முன்கூட்டியே எடுத்த ஆர்டர்களில் பலகாரங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஆளின் பெயர் இருக்கும், பற்றிஸ் இருக்கும், மட்டன் ரோல்ஸ் இருக்காது.

“நாளைக்கு ஒரு பிள்ளைக்குச் சேர்ச்சில முதல் நன்மை, அதுக்குப் பார்ட்டி. எத்தினை ரோல்ஸ் எண்டு உம்மட திரையில இல்லை” என்றார் அன்ரி.

“ஆர்டர் தந்தவவிட்டையே ஒருக்கா கேட்டுப் பாக்கலாமே அன்ரி?”

“திருப்பிக் கேக்கிறதுக்கோ பிள்ளை உந்தச் சாமானை வாங்கினனான்?”

பின்னேரம் வரை தவணை கேட்டு, மூலை மேசையில் மடிக்கணினியை விரித்தேன்.

ஒரு கிழமையாக வீட்டில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டரில் பலகாரத்தின் பெயர் இருக்காது, அதன் அடையாள எண் மட்டும்தான் இருக்கும். நிரல் அந்த எண்ணை மெனுவில் தேடிப் பெயரை எடுத்து வரும். கிடைக்காவிட்டால் திரை உடைந்துவிடக் கூடாது என்று, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கேள்விக்குறி போட்டு அந்த வரியைத் தாண்டிப் போக வைத்திருந்தேன். ஆகவே எதுவும் பிழை என்று கத்தவில்லை. நான் வீட்டில் போட்ட சோதனை ஆர்டர்களோ குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தன. எரிச்சலில் மடிக்கணினியைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மட்டன் ரோல்ஸ் தொலைகிறது, சில நாளில் மீன் கட்லட்டும் தொலைகிறது. யாரும் சீந்தாத மரக்கறி ரோல்ஸ் மட்டும் ஒருநாளும் தொலைந்ததில்லை. அதெப்படி, நன்றாக விற்கிற சாமானை மட்டும் பார்த்துப் பிழை வரும்?

மதியக் கூட்டம் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் மட்டன் ரோல்ஸ் தட்டு காலியானது. அன்ரி அதன் பெயர் அட்டையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு டேப்லெட்டிலும் எதையோ தட்டினார்.

“அன்ரி, இப்ப என்ன செய்தனீங்கள்?”

“முடிஞ்சுபோச்சு, அதான் மெனுவில இருந்து அழிச்சனான். இல்லாத சாமானை ஏன் சனத்துக்குக் காட்டுவான்?”

“அப்ப நாளைக்கு?”

“காலமை திருப்பிப் போடுவன். ஒவ்வொரு நாளும் உப்பிடித்தானே செய்யிறனான்!”

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து கைதட்டிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! ஒவ்வொரு காலையும் பிறந்தது புது எண்ணோடு ஒரு புது மட்டன் ரோல்ஸ். பழைய ஆர்டர்களோ செத்துப்போன எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன. வீட்டுச் சோதனையில் நான் மெனுவிலிருந்து எதையும் அழித்துப் பார்த்ததில்லை. அட்டையை எடுத்து வைக்கிற கைக்கு நான் ‘அழி’ என்ற ஒரு பொத்தானைத் தவிர வேறு எதைக் கொடுத்திருந்தேன்?

தரவுத்தளத்தின் முந்தைய நாள் பிரதிகள் என்னிடம் இருந்தன. செத்த எண்களை அவற்றில் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் கிடைத்தது. எல்லாவற்றையும் அதே எண்ணோடு திரும்பப் போட்டுவிட்டு, விற்பனைப் பக்கத்தில் தெரியாதபடி மறைத்தேன். ‘அழி’ இருந்த இடத்தில் ‘முடிந்தது’ என்று ஒரு பொத்தானை வைத்தேன். அதை அமுக்கினால் பலகாரம் ஒளிந்துகொள்ளும், ஆனால் அழியாது.

“அன்ரி, இப்ப பாருங்கோ.”

முதல் நன்மை ஆர்டரைத் திறந்தார். பற்றிஸுக்குக் கீழே மட்டன் ரோல்ஸ், எண்ணிக்கையோடு. அடுத்த ஆர்டரைத் திறந்தார், அதிலும் இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்ரி என்னைப் பாராட்டவில்லை. குசினியில் சமைக்கிறவர் பக்கம் திரும்பி, “அண்ணை, நாளைக்கு ரோல்ஸுக்கு இறைச்சியை எடுத்து வையுங்கோ!” என்று குரல் கொடுத்தார்.

மட்டன் தீர்ந்துபோனதால் எனக்கு மரக்கறி ரோல்ஸ்தான் கிடைத்தது. அன்று அது அமிர்தம். நான் மென்றுகொண்டிருக்க, அன்ரி ரெக்ஸ்டேலில் கடை வைத்திருக்கும் தன் தங்கையோடு தொலைபேசியில் பேசினார்.

“ஓம், கழட்டச் சொன்னனான்தான். அது காலமை. நீயும் ஒண்டைப் போடு, பிள்ளையை இப்பவே அனுப்பிறன்.”

மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு, வெறும் பையைத் தோளில் மாட்டி ரெக்ஸ்டேலுக்குப் பஸ் ஏறினேன்.