நின்றுகொண்டே நடந்த விசாரணை

எங்கள் வீட்டில் அரசாங்க உத்தியோகம் பார்க்காத முதல் ஆள் நான். அப்பாவுக்கு ரயில்வே, பெரியப்பாவுக்குத் தபால் இலாகா. எனக்குக் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் யாராவது "மகனுக்கு எங்கே வேலை?" என்று கேட்டால், அப்பா "எக்ஸ்போர்ட் லைன்" என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விடுவார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், பெர்சனல் ஆபீசராக இருந்த மலாய்க்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் நடக்கவிருக்கும் டி.ஐ.க்கு நான்தான் தலைவர் என்றார். ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதானால், முதலில் முறையாக விசாரித்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணைக்குத்தான் டி.ஐ. என்று பெயர். தலைவராக இருப்பவர் வேறு இலாகாக்காரராக இருக்க வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும். நான் கண்ணாடி போட்டிருந்ததும் ஒரு காரணம் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் பேக்கிங் பகுதி அக்கா ஒருவர். அங்கே பெண்கள் காலையிலிருந்து மாலைவரை நின்றபடிதான் அடுக்க வேண்டும். அந்த அக்காவுக்குக் கால் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார். புதிதாக வந்த மேனேஜர் எழுந்திருக்கச் சொல்ல, "கை ஓடிக்கிட்டுத்தானே சார் இருக்கு" என்று அப்படியே இருந்துவிட்டார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை என்றது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். லோரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த கணவர் வீட்டோடு கிடந்தார். சம்பாதிப்பது அந்த அக்கா மட்டும்தான்.

தொழிலாளர் சட்டம் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றை வாங்கி, கிள்ளான் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். ரஷ்ய நாவல்களில் வரும் விசாரணைகளும் ஞாபகத்தில் இருந்தன. ஏறக்குறைய நீதிபதியாகவே ஆகிவிட்டேன்.

விசாரணை அன்று மீட்டிங் ரூமில் அந்த டின்னைத் தடயமாக நடுவில் வைத்திருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் பேனலில் நாங்கள் மூன்று பேர்; எதிரே சாட்சி சொல்ல மேனேஜர். அக்கா உள்ளே வந்தார்.

"உட்காருங்க அக்கா," என்றேன். தலைவர் 'அக்கா' என்று கூப்பிடலாமா என்பதைப் பற்றிச் சட்டப் புத்தகத்தில் ஒன்றுமில்லை.

"வேணாம் தம்பி. உட்கார்ந்ததுக்குத்தானே கூப்பிட்டிருக்கீங்க. இங்கயும் உட்கார்ந்தா இன்னொரு கேஸ் போட்டுருவாங்க."

"இங்கே உட்காரலாம்க்கா."

"அத சார் சொல்லட்டும்."

மேனேஜர் ஃபைலைப் பார்த்தபடி, "அது பேனலோட முடிவு, நான் தலையிடக் கூடாது," என்றார்.

அக்கா நின்றார். வயதில் மூத்த பெண் நிற்கும்போது உட்கார்ந்திருக்க என் உடம்புக்குத் தெரியாது. நானும் எழுந்துவிட்டேன். விசாரணை என்றால் இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்துப் பெர்சனல் ஆபீசர் எழுந்தார். பேனலில் மூன்றாவது ஆளான சீன எஞ்சினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார். இத்தனை பேர் நிற்கும்போது மேனேஜர் மட்டும் உட்காருவது எப்படி?

அவருடைய சாட்சியம் நீளமானது. இன்றைக்கு ஒரு டின் என்று விட்டால் நாளைக்கு எல்லாரும் டின் கேட்பார்கள் என்பது அதன் சாரம். அவர் முடிப்பதாகத் தெரியவில்லை. எஞ்சினியர் என் பக்கம் சாய்ந்து, "காக்கி சாக்கிட் லா," என்று மலாயில் கால்வலியைச் சொன்னார், காலைத் தடவிக்கொண்டே. அக்கா உடம்பின் பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அவங்க எப்படி உட்கார்ந்திருந்தாங்க? காட்ட முடியுமா?" என்றேன். பிற்பாடு இதைச் சாணக்கியத்தனம் என்று சிலர் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

மேனேஜர் டின்னில் உட்கார்ந்து, கைகளால் பிஸ்கட் அடுக்கிக் காட்டினார். "இந்த மாதிரிதான்." அப்புறம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். மீதிச் சாட்சியத்தை அங்கிருந்தபடியே சொல்லி முடித்தார். எழுந்திருக்க மறந்தேபோனார்; நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். "உங்க பக்கம் என்ன சொல்றீங்க?"

"சாருக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க தம்பி. அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு."

துள்ளி எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. குனிந்து, தான் உட்கார்ந்திருந்த டின்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உயரம் பத்தலை. முழங்கால் மடங்குது," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

பேனல் மூவரும் வெளியே போய்க் கலந்துபேசினோம். பேச அதிகம் இருக்கவில்லை. எஞ்சினியர் மட்டும் தச்சரிடம் சொல்லி ஸ்டூல் அடிப்பதைப் பற்றிக் கையால் அளவு காட்டிப் பேசினார். திரும்பி வந்து, வேலையை விட்டு நீக்க இதில் காரணமில்லை என்று அறிவித்தேன்.

"அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமா தம்பி?"

"வாங்க அக்கா."

"இப்ப உட்காரலாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா உட்கார்ந்தார். அப்புறம் நான், பெர்சனல் ஆபீசர், எஞ்சினியர். மேனேஜர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.