பின்விளக்கிலிருந்து கைப்பிடி வரை

பளபளா என்று கேட்டால் அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வழி சொல்லிவிடுவார்கள். கார்களைக் கழுவி, துடைத்து, மெழுகு தேய்த்துக் கொடுக்கிற மனிதர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். எந்த வண்டி வந்து நின்றாலும் சரி, அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "விடுங்க, பளபளான்னு ஆக்கிடலாம்" என்பார். வெயிலில் வெளுத்ததா, பளபளா. புழுதியில் ஊறியதா, பளபளா. வேலைக்கு ஒரு நாள் முன்னாலேயே அவருடைய வாய் கிளம்பிவிடும். கை பின்னாலேயே ஓடிப்போய் அந்த வாயைக் காப்பாற்றும். இருபத்தாறு வருஷமாக எப்படியோ காப்பாற்றியும் வந்தது.

அந்த வாய்க்குப் பூட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி. பட்டறையில் துணி இலாகா முழுக்க அந்த அம்மாவுடையது. பழைய பனியன்களை வாங்கி, தையலையும் ஓரத்தையும் கத்தரித்து எறிந்து, துவைத்துக் காயவைத்து, கழுவ ஒரு கட்டு, பாலிஷுக்கு ஒரு கட்டு, மெழுகுக்கு ஒரு கட்டு என்று பிரித்து வைப்பாள். ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குத் துணி மாறிவிட்டால் அன்றைக்குப் பட்டறையில் இடி மின்னல்தான்.

ஒரு நாள் பச்சைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார் ஒரு பல் டாக்டர். வண்டிக்கு எப்படியும் அவர் வயசு இருக்கும். மேலெல்லாம் வறண்டு, விரலை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது.

"என் மாமனார் வண்டி. அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பதான் எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் டாக்டர். "டீச்சர் பேத்தியப் பாக்கப் போயிருக்கா. சனிக்கிழமை வருவா. வந்து பாத்ததும் அப்படியே அசந்துபோகணும்."

டீச்சர் என்று அவர் சொன்னது தன் மனைவியை. ஊருக்கே கணக்கு டீச்சர் என்பதால் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

டாக்டர் குனிந்து, ஓட்டுநர் பக்கத்தைக் காட்டினார். பின்விளக்குக்குக் கீழே ஆரம்பித்து, இடுப்பு உயரத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடியது. நூறு நூறு சின்னக் கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அது நேராகப் போய் ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் முடிந்தது.

"எங்கயோ வேலிச்செடி உரசியிருக்கு போல. மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல. இந்தக் கோடு மட்டும் இருக்கக் கூடாது."

"இதெல்லாம் ஒரு கோடா சார்? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் கிடைக்காது. நானாச்சு!" என்றார் பளபளா.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

இப்போது வருகிற வண்டிகளுக்கு நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு உண்டு. தேய்த்தால் அதுதான் தேயும், நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. பழைய லாக்கர் பெயிண்டுக்கு அந்தக் கவசம் கிடையாது. தேய்த்தால் நிறமே துணியோடு வந்துவிடும். அது தெரிந்துதான் பளபளா பாலிஷ் மெஷினைத் தொடவில்லை. நிழலில் நிறுத்தி, மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, கையாலேயே பாலிஷ் போட்டார். செத்துப்போன மேல்தோல் பச்சையாகத் துணியில் இறங்க இறங்க, அடியிலிருந்து ஆழமான பச்சை ஒன்று எழுந்து வந்தது. கூரையில் வானம் தெரிந்தது. சரி, வாய் தப்பித்தது என்று அவர் நினைத்தார்.

கடைசியாக அந்தக் கோட்டுக்கு வந்தார். ஒரு தேய்ப்பு, இரண்டு தேய்ப்பு. கோடு அசையவில்லை. துணியைத் திருப்பிப்போட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பின்சக்கரத்துக்கு மேலே தகடு மடிகிற இடத்தில், பச்சைக்கு நடுவே செம்மண் நிறம் லேசாக எட்டிப் பார்த்தது. அடிப்பூச்சு!

"கையை எடுங்க!" என்று மனைவி போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூடத் தன் கையை எடுத்துவிட்டார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கடுகளவுதான். அதோடு போயிற்று.

"கீறல் ஆழமா இருக்கு, பெயிண்ட் மெலிசா இருக்கு" என்றாள் அவள். "இன்னும் நாலு தேய்ப்பு தேய்ச்சா கோடு போகாது, வண்டிதான் போகும்."

"சனிக்கிழமைக்குள்ள முடிக்கணுமே?"

அதற்கு ஒரு வழி இருந்தது. எண்ணெய்ப்பசை உள்ள பாலிஷை அந்தப் பட்டையின் மேல் கனமாகப் பூசி, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டார். வறண்ட கீறல்கள் எல்லாம் மடக் மடக்கென்று குடித்தன. மிச்சத்தைத் துடைத்துவிட்டு, கரும்பச்சைச் சாயம் கலந்த மெழுகை அதன்மேல் தேய்த்து, காயவிட்டு, மெருகேற்றினார். கடுகளவு செம்மண்ணும் அதில் மறைந்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்தியா, போயிடுச்சு!"

"போகல. ஒளிஞ்சிட்டிருக்கு. நாலு தடவ கழுவினா எட்டிப் பாக்கும். டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பனா?"

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். கோடு இருந்த இடத்தில் தன் முகம் தெரிவதைப் பார்த்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரி கைதட்டினார். "எப்படிங்க எடுத்தீங்க?"

"அது ஒரு தொழில் சூட்சுமம் சார். வேரோட எடுத்துட்டேன்" என்றது வாய்.

மனைவி பார்த்த பார்வையில் பளபளா அரை அடி குறைந்துபோனார். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் வருகிறவர்கள் கொஞ்சமா நஞ்சமா? வாயைத் திறந்துகொண்டு அசையாமல் படுத்திருக்கிறவர்களிடம், பளபளா ஏமாற்றிய கதையை அவர் ஒவ்வொருவராகச் சொல்லுவார். இருபத்தாறு வருஷப் பேர் நாலு கழுவலில் கரைந்துவிடும். பொய் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை ஒத்துக்கொள்ளவோ நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "ரெண்டு பேரும் இருந்து பாத்துட்டுத்தான் போகணும்" என்று டாக்டர் பிடித்து வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் டீச்சர் வந்து இறங்கினார். வண்டியைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அடேயப்பா!" என்று சிரித்தார். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் முன்பக்கம் போகவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேராகப் பின்விளக்குப் பக்கம் போய்க் குனிந்தார். சாய்ந்த வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒரு விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். நின்றார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

மாட்டிக்கொண்டோம் என்று பளபளா மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இருந்துச்சு! இப்ப போயே போச்சு!" என்றார் டாக்டர். "அதுக்குன்னே சொல்லி எடுக்க வெச்சேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கோபம் என்று சொல்ல ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. அதுதான் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அது அப்பா போட்டது" என்றார். "கண்ணு சுத்தமாத் தெரியாமப் போன அப்புறம், தினமும் சாயங்காலம் வண்டியில போய் உக்காருவார். கையப் பிடிச்சா உதறிடுவார். 'விடு, எனக்கு வழி தெரியும்'பார். பின்விளக்கத் தடவிக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து விரல உரசிக்கிட்டே வந்து கைப்பிடியப் பிடிப்பார். மோதிரம் கீறும். ஒன்பது வருஷம். 'பெயிண்ட் போகுதுப்பா, மோதிரத்தக் கழட்டுங்க'ன்னு போறப்பெல்லாம் திட்டியிருக்கேன்."

சாயங்காலம் கிளினிக்கை விட்டு நகராத டாக்டர் இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. "நீ சொல்லவே இல்லையே..."

"கோடு இருந்துச்சு. தனியா எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடுங்க. நீங்க ஆசையாத்தான் பண்ணினீங்க."

பளபளா மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"டீச்சர்" என்றார் அவர். "அது போகலைங்க."

"என்னது?"

"நான் எடுக்கல. என்னால எடுக்க முடியல. எண்ணெயும் சாய மெழுகும் போட்டு மறைச்சு வெச்சேன். வேரோட எடுத்துட்டேன்னு சார்கிட்ட பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க சார். சக்கரத்துக்கு மேல கடுகளவு தேஞ்சுபோச்சு, அது ஒண்ணுதான் நெசமாவே போனது. மத்ததெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு."

டீச்சர் எழுந்துவிட்டார். "இருக்கா? நெசமாவா?"

மனைவி ஏற்கெனவே பையைத் திறந்திருந்தாள். பாலிஷ் கட்டிலிருந்து மெத்தென்ற துணி ஒன்றும், டர்பன்டைன் புட்டியும் அவர் கைக்கு வந்தன. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பட்டால் லாக்கர் கரைந்தே போய்விடும். டர்பன்டைன் மெழுகை மட்டும் தூக்கும். நாலு சொட்டு விட்டு, அழுத்தாமல், ஒற்றி ஒற்றித் துடைத்தார். முதல் துடைப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது துடைப்பில் துணி கருத்தது. மூன்றாவதில், சாய்ந்த வெயிலில், சாம்பல் நிறத்தில் ஒரு சாண் கோடு எழுந்து வந்தது.

"அப்பாடா!" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தன் வேலை கெட்டுப்போனதற்குப் பளபளா சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.

கைப்பிடி வரைக்கும் துடைத்து முடித்து, சோப்புத் தண்ணீரால் ஒரு முறை ஒற்றிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பின்விளக்கைத் தடவிக் கண்டுபிடித்து, விரலைக் கோட்டின் மேல் வைத்து நடந்தார். சக்கரத்துக்கு மேலே ஒரு கணம் தயங்கி, மறுபடி பிடித்துக்கொண்டு போனார். கைப்பிடி சரியாகக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபிறகுதான் கண்ணைத் திறந்தார்.

டாக்டர் மறுபக்கம் சுற்றிப் போய் மனைவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "நல்ல வேளை" என்று பளபளாவைப் பார்த்துச் சொன்னார், "பொய் சொன்னீங்க."

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். "வருஷத்துக்கு ரெண்டு தடவ நீங்கதான் வந்து பாத்துக்கணும். கோட்டுக்கு மேல சாயமில்லாத மெழுகு போடுங்க. வண்டி மினுங்கணும், கோடும் தெரியணும். முடியுமா?"

பளபளாவின் வாய் வழக்கம்போல முன்னால் கிளம்பியது. மனைவி திரும்பிப் பார்த்தாள். வாய் நின்றது. அவர் இருபத்தாறு வருஷத்தில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"என்னால முடிஞ்சதப் பண்றேன், டீச்சர்."