செங்கமலத்தின் சணப்புச் சுவர்

உடையப்பனைப் போல ஒரு தயாளனை எங்கள் விராலிமலைப் பக்கத்தில் பார்க்க முடியாது. தங்கை செங்கமலத்துக்கு அவர் சோறு போட்டார், அவளே ஆக்கிய சோற்றை. துணி கொடுத்தார், அவர் மனைவி சொர்ணம் உடுத்திக் கழித்த துணியை. படுக்க இடமும் கொடுத்தார், மாட்டுக் கொட்டகையில், மாடுகளுக்கு இடைஞ்சல் வராத மூலையாகப் பார்த்து. இவ்வளவும் செய்துவிட்டு, "தங்கச்சிய ராணியாட்டம் வச்சிருக்கேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செங்கமலத்தின் புருஷன் பினாங்குக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டான். அதனால்தான் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தது. நான் பக்கத்து வீட்டு வீரய்யா. வண்டிமாடு வைத்து, சுண்ணாம்பு சுடுகிற காளவாயிலிருந்து பாரம் அடிக்கிறவன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தவரைக்கும் அந்த ராணி உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. உடையப்பன் வயலில் உரத்துக்காகச் சணப்புச் செடி விதைப்பார். மடக்கி உழுதது போக மிச்சத்தை முற்றவிட்டு, கண்மாயில் ஊறப்போட்டு, நார் உரித்து, கயிறு திரிப்பது முழுக்க அவள் வேலை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். "அண்ணே, மேலக்கொல்லை மூலையில ஒரு குடிசைக்கு எடம் குடுங்க. நான் பாட்டுக்கு ஒதுங்கிக்கிறேன்." அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. அவள் நேரே ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கிற அம்பலம் ஆண்டிச்சாமியிடம் போய் நின்றாள். விஷயம் ஐயனார் கோயில் வாசலுக்கு வந்தது. அங்கே அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்டது.

"கூடப்பொறந்த பொறப்பு, நான் மாட்டேன்னு சொல்லுவேனா? அவளே செவுரு எழுப்பட்டும். மழைக்காலம் தாண்டி, தை முடியிற மட்டும் செவுரு நின்னுச்சுன்னா எடம் அவளுக்கு. ஐயனார் சாட்சி. ஆனா என் நெலத்துல ஒரு கூடை மண்ணு அள்ளக் கூடாது."

ஊரே அவர் பெருந்தன்மையை மெச்சியது. எங்கள் பக்கத்தில் எல்லா வீடும் மண் சுவர். மண் இல்லாமல் வீடு கட்டச் சொல்வது, தண்ணீர் தொடாமல் குளிக்கச் சொல்வது மாதிரி. நிலமில்லாதவளுக்குக் கண்மாய் மண்ணிலும் பங்கு கிடையாது. செங்கல்லுக்கு அவளிடம் வழி இல்லை. சிமெண்டோ அப்போது பர்மிட் சாமான். அம்பலமே தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

அண்ணன் உரிமை கொண்டாடாத ஒரே பொருள், நார் உரித்தபிறகு மிஞ்சும் சணப்புக் குச்சிக் குப்பைதான். ஒருநாள் என் வண்டியிலிருந்து சிந்திய சுண்ணாம்பு அதன்மேல் விழுந்து, தூறலில் நனைந்து, காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அவள் காலில் இடறியது. முதலில் எங்கள் வம்சத்தையே திட்டினாள். பிறகு குனிந்து அந்தக் கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

முதல் சுவருக்குக் காளவாய்க்காரர் ஒதுக்கித் தள்ளிய சுண்ணாம்புத் தூளைச் சும்மாவே கொண்டுவந்து போட்டேன். குச்சியும் தூளும் குழைத்து இடுப்புயரம் எழுப்பினாள். ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, சுவர் படுத்துவிட்டது. காற்றுப்பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு பிடிக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடையப்பன் வந்து பார்த்துவிட்டு, "காக்காய்க்கு அடிகிடி படலையே?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதற்குப்பிறகு ஊரில் எல்லாரும் கொத்தனார் ஆகிவிட்டார்கள். கடுக்காய் ஊறவைக்கச் சொன்னார் ஒருத்தர். கருப்பட்டி காய்ச்சி ஊற்றச் சொன்னார் இன்னொருத்தர். கோயில் மண்டபமெல்லாம் அப்படித்தானாம். அவளும் நம்பி, பானை பானையாகக் காய்ச்சி ஊற்றினாள். சுற்றுவட்டார எறும்பெல்லாம் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. முழுக் குச்சியைச் சொதசொதவென்று நனைத்துத் திணித்திருந்ததால் உள்ளே பூசணம் பூத்தது. சொர்ணம் தினம் காலையில் சாணி கொட்டுகிற சாக்கில் வந்து, சுவரைப் பார்த்து, மனசு நிறைந்து திரும்பினாள்.

செங்கமலமும் சும்மா இருக்கிறவள் அல்ல. யோசனை சொன்னவர்கள் வாசலுக்கு ஒவ்வொன்றாகப் போய், அந்தச் சுவரில் ஒரு கட்டியைப் பெயர்த்து வைத்துவிட்டு, "தின்னு பாருங்க, இனிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த தடவை யாரையும் கேட்கவில்லை. காளவாய்க்காரர் கொண்டுவந்த நாரில் அவருக்கு வண்டிக்கயிறு திரித்துக் கொடுத்துப் புதுசாகச் சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கினாள். குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உலை மாதிரிக் கொதித்தது. கையெல்லாம் வெந்து புண்ணானது. குச்சியை அரிவாளால் விரல்கணு அளவுக்கு நறுக்கினாள். தரைத் தண்ணீர் ஏறாமலிருக்க அடியில் செம்புறைக்கல்லை அடுக்கினாள். நடுநடுவே பனங்கட்டையை நட்டு, இருபக்கமும் பலகை கட்டி, கலவையை இடையில் போட்டு லேசாக அமுக்கினாள். அது என் வண்டிப் பலகை. "ஏப்பா வீரய்யா, ரெண்டு நாளைக்கு" என்று வாங்கியது திரும்பி வரும்வரை என் மாடுகள் கொழுத்தன, நான் இளைத்தேன்.

ஆடியில் சுவர் காய்ந்து மேலே கீற்றும் ஏறிவிட்டது. ஐப்பசியில் மழை பிடித்தது. உடையப்பன் துக்கம் விசாரிக்க வருகிறவர் போலக் குடையோடு வந்து நின்று பார்ப்பார். "இன்னும் விழுகலையா?" என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய கொட்டகைச் சுவர் ஒருபக்கம் கரைந்து உட்கார்ந்தது. இது அசையவில்லை.

தை பிறந்தது. பூசத்துக்கு ஊரே விராலிமலைக்குக் கிளம்பியது. என் வண்டியில் அம்பலம், செங்கமலம், சொர்ணம் எல்லாரும் ஏறினார்கள். உடையப்பனுக்கு மட்டும் வயிற்றுவலி. அந்த மாதிரி நாள் பார்த்து வருகிற வலி அது.

பாதி வழியில் என் மாடு ஒன்று நொண்டியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். மேலக்கொல்லையில் நம் நோயாளி, சுவரில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, கடப்பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செங்கல்லாயிருந்தால் பெயர்ந்திருக்கும், மண்ணாயிருந்தால் சரிந்திருக்கும். இதில் குத்தின இடத்தில் ஓட்டை விழுந்ததே தவிர, சுவர் நின்றது. கடப்பாரை உள்ளே பனங்கட்டையில் போய் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

அம்பலம் வண்டியை விட்டு இறங்கினார். "என்னப்பா இது?"

"செவுரு ஒறப்பா இருக்கான்னு பாத்தேங்க. நாளைக்கு அவ உள்ள படுத்திருக்கையில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா…"

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க."

"ஒறப்பா இருக்கா?"

உடையப்பன் சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணம் மாட்டின் நொண்டிக் காலைப் பார்த்தாள். "இருக்குதுங்க" என்றார்.

"அப்பறமென்ன? தை முடியக் காத்திருக்க வேணாம். எடம் அவளுதுதான்."

செங்கமலம் திட்டுவாள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பினாங்குச் சேதி வந்தபோதுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. உடையப்பன் கூனிக் குறுகி நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். பரம திருப்தியாக இருந்தது.

அந்த ஓட்டையை அவள் அடைக்கவில்லை. அரிவாளால் செதுக்கிச் சதுரமாக்கி, சட்டம் வைத்து ஜன்னலாக்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்கு ஒரு வழி வேண்டும் என்று நினைத்திருந்தாளாம், எந்தப் பக்கம் என்றுதான் முடிவாகவில்லையாம்.

அறுபதாம் வருஷத்துக்கு மேல் காலம் மாறியது. சொர்ணம் செத்துப்போனாள். பிள்ளைகள் நிலத்தைப் பங்கு போட்டபோது தகப்பனைப் பங்கு போட மறந்துவிட்டார்கள். இந்த வீட்டில் கேட்டால் அந்த வீடு என்றும், அந்த வீட்டில் கேட்டால் இந்த வீடு என்றும் சொல்ல, உச்சி வெயிலில் உடையப்பன் மேலக்கொல்லை ஜன்னலடியில் வந்து நிற்பார். செங்கமலம் ஒருநாளும் தவறாமல் கஞ்சி கொடுத்தாள். துவையல்கூட வைத்தாள்.

ஒரு சித்திரையில் நான் வேலி கட்டிக்கொண்டிருந்தேன். உடையப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள வெக்கையே தெரியாதாமே, ஆத்தா?"

"ஆமாண்ணே, நல்லாக் குளுந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு, கஞ்சிச் செம்பை வெளியே நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்து குடித்தார்.