மூன்றாவது படம்

பிளெஸ்ஸிக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் ஆகாது. மணமேல்குடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டினால், அடி வாங்கப்போகிறவளுக்கு முன்னால் இவள் அழுதுவிடுவாள். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்தாள், சென்னையில் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு நாள் வெளியாட்கள் முன்னால் அவள் எழுதிய நிரல் பிழைப்பெட்டி ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுபோனது. மேலாளர் திட்டவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் எழுதிய எந்த நிரலும் பிழை வந்தால் வாயைத் திறப்பதில்லை. விழுங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

வசந்தைக் கட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் வந்தாள். அவன் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. அவன் போகிற இரவுகளில் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தூங்குவதைப் பார்த்து அதிசயப்படுவாள். வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்குப் பதில் படகுச் சங்கத்தில் உட்கார்ந்து பயப்படலாம் என்று வசந்த்தான் சங்கத்துக் கணினி வேலைக்கு அனுப்பிவைத்தான்.

கடலுக்குப் போகிற படகு சங்கத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு போகும். திரும்பியதும் கொடுத்துவிடும். டோக்கன் பார்ப்பவர் குழந்தைசாமி. விடிந்தால் போதும், எந்தப் படகு வந்தது என்று கேட்டுப் பெண்கள் அவர் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஒவ்வொருத்தரா கேளுங்க தாயி. ஆண்டவன் எனக்கு ரெண்டு காதுதான் வச்சிருக்கான்," என்பார். அதற்காகத்தான் பிளெஸ்ஸி அந்த நிரலை எழுதினாள்.

கணினி ஒன்று, நிரலுக்குத் திரையில் ஜன்னல் இரண்டு. முதல் ஜன்னல் குழந்தைசாமியின் மேசையில். இரண்டாவது, தெருவைப் பார்த்து மாட்டிய டிவியில். அதில் எல்லாப் படகுகளின் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமும். குழந்தைசாமி டோக்கனைப் பதிந்தால் முதல் ஜன்னல் இரண்டாவதற்குச் செய்தி சொல்லும். அது படத்தை மாற்றும். திரும்ப வேண்டிய நேரம் தாண்டினாலும் அப்படியே ஒரு செய்தி. முதல் ஜன்னலுக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாவதற்கு டோக்கன் பற்றித் தெரியாது. சொன்னதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். "எங்க ஆத்தாளும் நீயும் பேசிக்கிற மாதிரி," என்றான் வசந்த்.

படங்கள் மூன்று. கரையில் கட்டிய படகு ஒன்று. அலையில் போகிற படகு ஒன்று. நேரம் தாண்டியும் டோக்கன் திரும்பாத படகுக்கு மூன்றாவது: சாம்பல் நிறத்தில் ஆளில்லாத படகு.

முதலில் அந்தப் படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். குழந்தைசாமி, எவனோ போட்டோவைப் போட்டு இடத்தை அடைத்திருக்கிறான் என்று அதை அழித்துவிட்டார். சங்கத் தலைவர் சாதிக் பாட்சா நாலு பேரைக் கூட்டிவந்து டிவியைக் காட்டும்போது அதன் நடுவில் பிழைப்பெட்டி நின்றது. பிளெஸ்ஸிக்குக் காதுக்குள் பழைய சிரிப்பு கேட்டது. அன்றைக்கே படங்களை நிரலுக்குள்ளேயே பொதித்துவிட்டாள். இனி யாரும் அழிக்க முடியாது. அதோடு ஒரு வரியும் சேர்த்தாள். கேட்ட படம் கிடைக்காவிட்டால் சத்தம் போடாதே, முதல் படத்தைப் போட்டுக்கொள்.

முதல் படம், கரையில் கட்டிய படகு.

டிவியைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட நாளில் மூன்று படத்தையும் போட்டுக் காட்டினாள். மீன் ஏலம் எடுக்கும் செங்கமலம் முன்னால் வந்து நின்றாள்.

"இது என்னத்தா, ஆளில்லாத போட்டு?"

"நேரத்துக்கு வராத போட்டுக்குக்கா."

அந்தக் கரையில் படகைப் பற்றி 'வரலை' என்று யாரும் சொல்வதில்லை. உச்சிப்பொழுது தாண்டினாலும் 'வந்துக்கிட்டு இருக்கு' என்பார்கள். இதை யாரும் பிளெஸ்ஸிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுப் பழகியிருந்தாள். படம் வரையும்போது மட்டும் நினைவு வரவில்லை.

"உசுரோட இருக்கிறவனுக்குப் பாடை கட்டித் தெருவுல மாட்டியிருக்க," என்றாள் செங்கமலம். "இங்கிட்டு நின்னு நாங்க பாக்குறதா, ஒப்பாரி வைக்கிறதா?"

"அவுக சொல்றது சரிதாம்மா," என்றார் சாதிக் பாட்சா. "எடுத்துருங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது படத்தை நிரலிலிருந்து எடுத்தாள். அதைக் கேட்கிற வரியை எடுக்கவில்லை. மறந்தாளா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்கும், கிடைக்காது, சும்மா இருந்துவிடும், அதனால் யாருக்கு என்ன என்று அந்த நேரத்தில் தோன்றியது. மாதங்கள் போயின. தாமதமாகிற படகுக்காரர்கள் போன் செய்தார்கள், குழந்தைசாமி நேரத்தைத் தள்ளிப் போட்டார். மூன்றாவது படத்தை யாரும் கேட்கவில்லை.

ஆடி முடிகிற சமயம். விடியும் முன்பே மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்துவிட்டது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்தன. வசந்தும் வந்துவிட்டான். மீன் இறக்கி முடிந்து, திரும்பும் நேரமும் தாண்டியபின், நனைந்த சட்டையோடு சங்கத்து வாசலில் நின்று டிவியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கப் போனான். பத்து மணி தாண்டியதும் குழந்தைசாமி எழுந்துவந்து டிவியை அண்ணாந்து பார்த்தார். வரிசையாகக் கரைப் படம். "எல்லாம் அடைஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் போனபின் அமிர்தவல்லி வந்தாள். நிலவழகன் பெண்சாதி. அவனுடைய படகு காளியம்மன் துணை. அவனோடு மூன்று பேர் போவார்கள்.

"ஏன் பிளெஸ்ஸி, என் வீட்டு ஆளு கரைக்கு வந்துட்டாருன்னு ஒன் டிவி சொல்லுது. வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையாமா அவருக்கு?"

"வந்துருவாருக்கா."

"ஐஸ் கம்பெனில பாத்துட்டேன். டீக்கடைல பாத்துட்டேன். ஒயின் ஷாப்பு வாசல்லயும் மானங்கெட்டுப் போயி நின்னுட்டு வாரேன். போனை வேற அமத்தி வச்சிருக்காக. இன்னைக்கி வரட்டும், சோத்துல உப்ப அள்ளிக் கொட்டுறேன்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஆளு எங்கயாச்சும் புது மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும்," என்றாள் செங்கமலம். பிளெஸ்ஸியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எதற்கும் பார்க்கலாம் என்று குழந்தைசாமியின் மேசைக்குப் போனாள்.

முதல் ஜன்னலில் பட்டியலைக் கீழே தள்ளினாள். கடைசியில் காளியம்மன் துணை. டோக்கன் கொடுத்த நேரம் இருந்தது. திரும்பிய நேரம் காலியாக இருந்தது.

எட்டி டிவியைப் பார்த்தாள். காளியம்மன் துணை கரையில் கட்டியிருந்தது.

இரண்டும் அவள் பெற்ற பிள்ளைகள். ஒன்று பொய் சொல்கிறது. எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேரம் தாண்டிவிட்டதென்று இந்த ஜன்னல் அந்த ஜன்னலுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. அது மூன்றாவது படத்தைத் தேடியிருக்கிறது. இல்லை. சத்தம் போடாமல் முதல் படத்தைப் போட்டுக்கொண்டுவிட்டது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாகப் படகுத்துறைக்குப் போனாள். ஓடினால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று நடந்தாள். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு பெயராகப் படித்தாள். படித்த பெயரையே திரும்பவும் படித்தாள். காளியம்மன் துணை வழக்கமாக நிற்கிற இடத்தில் தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று முதுகுப்பக்கம் கரையிலிருந்து கடலுக்குள் அடித்தது. இஞ்சின் நின்ற படகை அது எங்கே கொண்டுபோகும் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எல்லைக்கு அங்கிட்டு. அதற்கு முன்னால் மூழ்கிப்போகாவிட்டால்.

வசந்துக்குப் போன் போட்டாள். இரண்டாவது தடவைதான் எடுத்தான்.

"ஏங்க, நிலவழகன் அண்ணன் போட்டைக் கடல்ல கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஏன், கரையிலதான நிக்கிது. டிவியைப் பாத்துட்டுத்தான வந்து படுத்தேன்."

"கடல்லங்க. கண்ணால."

"விடியறதுக்கு முன்னாடி. எங்களுக்குக் கெழக்க அவன் லைட்டு தெரிஞ்சுச்சு. அவன் வாக்கிடாக்கி கெட்டு ரொம்ப நாளாச்சு. வந்து சேந்தானான்னு எனக்கும் ஒரு இது இருந்துச்சு. டிவில பாத்த பெறகுதான்… பிளெஸ்ஸி, என்னா?"

அவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"வந்துக்கிட்டு இருக்கு போலங்க," என்றாள்.

"வாரேன்," என்று வைத்துவிட்டான்.

அவள் திரும்பியபோது குழந்தைசாமி வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். காதருகே குனிந்து சொன்னாள். அவர் எட்டி டிவியைப் பார்த்தார்.

"நிக்கிதேம்மா, கரையில."

"அந்தப் படம் பொய்ங்கண்ணே."

அவர் வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து போனை எடுத்தார். சாதிக் பாட்சா வந்தார். கரைக்காவல் போலீசுக்கு ஒரு போன். பக்கத்துக் கோட்டைப்பட்டினத் துறைக்கு ஒரு போன். அவர் ஒரு தடவைகூடப் பிளெஸ்ஸி பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குள் துறையில் ஒரு இஞ்சின் உறுமியது. பிறகு இன்னொன்று. படகு கரைக்கு வந்த நாளில், அதுவும் இந்தக் காற்றில், திரும்ப இஞ்சின் போடுகிற சத்தம் எதற்கென்று பெண்களுக்குத் தெரியும். வாசலில் சிரிப்பு நின்றது. அமிர்தவல்லி மட்டும் இன்னும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு பிளெஸ்ஸி போட்டு எடுக்கிறாக?"

வந்துக்கிட்டு இருக்கு என்று சொல்லிவிடலாம். அவளும் தலையாட்டிவிட்டு நிற்பாள். சாயங்காலம் வரை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்பார்கள். பிளெஸ்ஸி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலைக்கா."

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டோக்கன் திரும்பலை. காலைலேருந்தே வரலை. டிவில கரைன்னு இருந்தது நான் செஞ்ச தப்புக்கா. அதைப் பாத்துட்டு ஒருத்தரும் தேடலை."

அடி விழும் என்று நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அமிர்தவல்லி மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"நான் அந்த மனுசனை ஒயின் ஷாப்புல தேடுனேன்," என்றாள்.

துறையிலிருந்து இஞ்சின் சத்தம் நகர்ந்து நகர்ந்து கடலுக்குள் போய்க் கரைந்தது. வசந்த் எந்தப் படகில் ஏறினான் என்று பிளெஸ்ஸிக்குத் தெரியவில்லை. இப்போது அவனும் அங்கே இருந்தான்.

"அந்தப் படம் இருக்கா?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

"எந்தப் படம்க்கா?"

"அன்னைக்கிக் கழட்டச் சொன்னோமே. ஆளில்லாத போட்டு. அதைப் போடு."

"வேணாம் அமிர்தம்," என்றாள் செங்கமலம்.

"போடச் சொல்லுங்க மதினி. காலைலேயே பயந்திருக்க வேண்டியவ நான். சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இப்பவாச்சும் அதைப் பாத்துப் பயந்துக்கிட்டு நிக்கிறேன்."

பிளெஸ்ஸி உள்ளே போனாள். பழைய நகலிலிருந்து சாம்பல் படகை எடுத்து மறுபடி நிரலுக்குள் வைத்தாள். சத்தம் போடாதே என்ற வரியை அழித்தாள். நிரலை மூடித் திறந்தாள். டிவி ஒரு கணம் இருண்டது. பிறகு படகுகள் வரிசையாக வந்தன. எல்லாம் கரையில். ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில், ஆளில்லாமல்.

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. மதியச் சோற்றுக்கு யாரும் உலை வைத்ததாகத் தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். எடுத்தால் வேறு ஊர்க்காரர்கள், ஐஸ் வேண்டுமா என்று கேட்பவர்கள். கரைக்காவல் போலீசுக்குத் தகவல் ஒன்றுமில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் பிடித்திருந்தால் இதற்குள் சேதி வந்திருக்கும் என்றார் சாதிக் பாட்சா. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பிடிக்கவில்லையென்றால் வேறு என்ன என்று எல்லோருக்கும் தோன்றியது. அவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தபின் வசந்த் கூப்பிட்டான். சத்தம் விட்டுவிட்டு வந்தது. "கெடைச்சிட்டாங்க. நாலு பேரும். இஞ்சின் நின்னுபோயி எல்லைக்கிட்ட கெடந்தாங்க. கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வாரோம்."

பிளெஸ்ஸி சொன்னதும் குழந்தைசாமி மவுஸில் கை வைத்தார்.

"தொடாதீக," என்றாள் செங்கமலம் வாசலிலிருந்து. "ஆளு வரட்டும்."

கை நின்றது. சாம்பல் படகு அப்படியே இருந்தது. இந்தக் காற்றில் கயிறு அறுந்துபோகக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

பொழுது இறங்கும்போது படகுகள் வந்தன. நிலவழகன் உதடு வெடித்து, கண் சிவந்து, பிறர் தோளைப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்துவந்தான். அமிர்தவல்லி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்த ஒயின் ஷாப்புல இருந்தீக?" என்று கேட்டாள். அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய டோக்கனை எடுத்துக் குழந்தைசாமியிடம் நீட்டினான். அவர் அதை வாங்கிப் பதிந்தார். முதல் ஜன்னல் இரண்டாவதற்குச் சொன்னது.

டிவியில் படம் மாறியபோது பிளெஸ்ஸி அங்கே இல்லை. படகுத்துறையில், காளியம்மன் துணையின் கயிறு கரையில் கட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.