பதின்மூன்றாவது சிள்வண்டு

கியூட்டெக்ஸ் நகப்பூச்சின் வாசம் பட்டால் இப்போதும் என் விரல்கள் நூலைத் தேடும். பலெர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு வீட்டில் அப்பா சமையல் வேலை செய்தார். பள்ளி விடுமுறையென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்காரர், நாங்கள் "சின்யோரே" என்று அழைத்த முதியவர், மலைப்பக்க ஏரியில் பாஸ் மீன் பிடிப்பவர். முள்ளில் புழுக் கோர்க்கமாட்டார். நூலும் மயிரும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மீன் மேலே வந்து கவ்வும்வரை காத்திருப்பார். இத்தாலியனில் அதற்கு "மோஸ்கா", ஈ, என்று பெயர். அப்பா அதை நேரே தமிழாக்கி, "என்ர பிள்ளை அங்கை இலையான் கட்டுறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பத்து வயதில், குப்பைக்கூடையில் கிடந்த பிய்ந்த பூச்சி ஒன்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, கழன்ற வரிசையைக் கொப்பியில் எழுதினேன்: சிறகு, கால், வயிறு, அடிநூல். பிறகு பட்டியலைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக் கட்டினேன். மிதப்பதற்கு அப்பாவின் பழைய ரப்பர் செருப்பில் ஒரு கீற்று வெட்டி வயிற்றுக்குள் வைத்தேன். முடிச்சு அவிழாதிருக்க அவர் மனைவி சின்யோராவின் கியூட்டெக்ஸ் ஒரு துளி. கோடை வெயிலில் மரத்திலிருந்து கத்தும் சிள்வண்டு போலவே இருந்தது. சின்யோரே அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இதுபோலப் பன்னிரண்டு கட்டு, ஏரிக்குக் கூட்டிப்போகிறேன். முதல் வீச்சு உன்னுடையது" என்றார்.

கட்டினேன். நான் செய்ததை ஒரு மீன் உண்மையென்று நம்புமா? அந்தக் கோடை முழுவதும் எனக்கு வேறு கேள்வி இல்லை. சொன்ன ஞாயிறு காலை, கபோ சந்தையருகே எங்கள் வீட்டுப் படியில் சப்பாத்துப் போட்டபடி மத்தியானம்வரை இருந்தேன். யாரும் வரவில்லை.

"மறந்துபோனார் போல. அவையளுக்கு எங்களை ஞாபகம் இருக்குமே? வா பிள்ளை, சாப்பிடு" என்றார் அப்பா.

பதின்மூன்றாவதை ஆத்திரத்தில் கட்டினேன். பார்வைக்கு மற்றவை போலத்தான். வயிற்றில் மட்டும் செருப்புக் கீற்றுக்குப் பதிலாக ஈயக் கம்பி. தாழட்டும் என்று அதை மற்றப் பன்னிரண்டோடு அவருடைய தூண்டில் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒருமுறை வீதியில் அவர் கையசைத்தபோது மறுபக்கம் பார்த்தேன்.

இப்போது நான் படகு இயந்திரங்கள் திருத்துகிறேன். சின்யோரே சென்ற மாதம் இறந்துவிட்டார். அவர் வீடு சுற்றுலாப் பயணிகளுக்கான அறைகளாக மாறுகிறது. வீட்டை ஒழித்த அவருடைய மகள் என்னை அழைத்துப் பெட்டியைத் தந்தாள். "இன்னும் தண்ணீருக்குப் பயமா? உனக்குப் பயம், வரமாட்டாய் என்று உன் அப்பா முதல்நாளே தொலைபேசியில் சொன்னாராமே."

கெஸ்தூராவில், அதாவது பொலிஸ் அலுவலகத்தில், விசாக் காகிதம் என்றாலும், ஆஸ்பத்திரி என்றாலும், அப்பாவுக்காக நான்தான் கதைப்பேன். அவருக்குத் தெரிந்த இத்தாலியன் ஐம்பது சொல் தேறாது. அதில் "பவூரா", பயம், ஒன்றென்று அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன்.

"வெள்ளையோட தனியப் பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி விடுறது? சனம் என்ன கதைக்கும்?" என்றார் அப்பா.

"விடமாட்டன் எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா. ஏன் அவர் மறந்துபோனார் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ என்னோட கோவிப்பாய் எண்டுதான்."

குசினித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டில் ஏழு இருந்தன. மீன் கடித்துச் சிறகு நைந்த அந்த ஏழும் மிதந்தன. பதின்மூன்றாவதன் முள் வளையத்தில் அறுத்த தூண்டில் நூலின் முடிச்சு அப்படியே இருந்தது. அதையும் அவர் வீசிப் பார்த்திருக்கிறார். தொட்டியில் போட்டேன். நேரே அடிக்குப் போனது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதேன் தாழுது?"

"தாழத்தான் கட்டினனான்."

"ஆருக்கு?"

"மறந்துபோனவருக்கு" என்றேன்.